பாடியோரும் பாடப்பட்டோரும்: கானா பாலாவின் ஒலிப்பதிவுகளும் வடசென்னை மரண கானாவும்

கானா பாலாவின் பாட்டுகளுள் எது சிறந்தது என்னும் வினா கானா கேட்போரிடையே எழுந்தால் விடை எளிதில் அமைவதில்லை. 'அட்டகத்தி' (2012) படத்தின் 'ஆடி போனா ஆவணி'யைச் சிலர் முன்வைப்பர். அதே படத்தின் 'நடுக்கடலுல கப்பல' பாட்டைச் சிலர் உயர்த்துவர். 'சூது கவ்வும்' (2013) படத்தின் 'காசு பணம்' பாட்டுக்கு இளையோர் ஆதரவு மிகுதி. இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு, திரைக்கு வருமுன் இழவு வீடுகளில் பாடப்பட்டதே கானா என்போரும் உளர். இதனை வெறும் சுவை வேறுபாடாகக் கொண்டு கடந்துவிடுதல் ஆகாது. ஒரு நாள், ஓர் இறப்பு, ஒரு பெயர் ஆகியவற்றுக்கெனக் கட்டப்பட்ட பாட்டு வகையை ஒலிப்பதிவைக் கொண்டு மதிப்பிட இயலுமா என்னும் சிக்கலே இவ்வாதத்தின் அடியில் கிடக்கிறது. அச்சிக்கலை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

களம்

துறைமுகம், தொடர்வண்டி, ஆலை ஆகிய மூன்றையும் சார்ந்து வளர்ந்தது வடசென்னை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் அறியப்பட்ட பின்னி ஆலைகள் புளியந்தோப்பை ஒட்டி இயங்கி 1996இல் மூடப்பட்டன. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் ஊர்தித் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் பின்னர் எழுந்தன. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியோர், ஆலைத் தொழிலாளர், கைவண்டி இழுத்தோர், மீனவர் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்த குடியிருப்புகளில், பெரிதும் தலித் மக்களிடையே, கானா உருப்பெற்றது. 'பாட்டு' என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லே அதன் பெயர். பாட்டின் பெயரே கடன்சொல்லாக இருப்பது துறைமுகத்துக்குப் பொருந்துவதே.

இந்நிலப்பகுதிக்கு இறப்பைப் பாடிய மரபு புதிதன்று. நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இராயபுரத்தில் அடக்கமாகியுள்ளார். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்னும் வழக்கும் உண்டு. கானாவைச் சித்தர் மரபின் நேர் வழித்தோன்றலாகக் காட்டுவோர் இவ்விருவரையும் சான்று கூறுவர். நிலவழி அண்மை மரபுத்தொடர்ச்சிக்குச் சான்றாகாது என்பதே எம் கருத்து. எனினும், உடலின் நிலையாமையைப் பேச்சுமொழியில் எள்ளலோடு பாடும் போக்கு இரண்டிற்கும் பொதுவாக இருப்பதை மறுப்பதற்கில்லை.

மரண கானாவின் இயல்பு

இறந்தவர் உடல் கிடத்தப்பட்டிருக்கும் இரவில், பந்தலின்கீழ்ப் பாடப்படுவது மரண கானா. டோலக்கும் தப்பும் புல்புல்தாராவும் இசைக்கருவிகள். அவை இல்லாதபோது தகரமும் மேசையும் தீப்பெட்டியும் அவ்விடத்தை நிரப்பும். தாளமில்லாத் தொகையறாவாகத் தொடங்கும் பாட்டு, தாளம் சேர்ந்ததும் விரைவுகொள்ளும். பாடுவோர் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் அவர் விட்டுச்சென்ற உறவுகளையும் கேட்டறிந்து பாட்டில் பெய்துவிடுவர். கட்டமைப்பு முன்னரே அமைந்தது. பெயர் அன்று புதிது. அழுகைக்கு நடுவே சிரிப்பும் எழும். விடியும்வரை உடலருகே விழித்திருக்க வேண்டியவர்களுக்கு அச்சிரிப்பு தேவையானது.

ஒப்பாரி பெண்களுக்குரியதாகவும் மரண கானா ஆண்களுக்குரியதாகவும் நெடுங்காலம் வழங்கி வந்தன. ஒப்பாரி உறவினர் குரல். கானா அழைத்து வரப்பட்டவர் குரல். இவ்வேறுபாட்டை நோக்க, மரண கானாவுக்கு ஒப்பாரியைவிடக் கையறுநிலைத் துறையே நெருக்கமானது எனலாம். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய பாட்டில் (புறம். 235) புலவர் உறவினர் அல்லர், மாண்டவனின் கொடையையும் அவனோடு உண்டு பழகிய நாள்களையும் எண்ணிப் பாடுபவர். ஒருவனது இறப்பால் கேடுற்ற கூட்டம் ஒன்றின் சார்பில் அவர் குரல் எழுகிறது. வேந்தனுக்குப் பதில் மூட்டை தூக்கும் தொழிலாளியை வைத்துப் பார்த்தால் மரண கானாவின் இடம் விளங்கும்.

ஒப்புமையைவிட வேறுபாடே இங்குப் பயனுடையது. புறநானூற்றுப் பாட்டு தனித்து நம்மிடம் வரவில்லை. திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் ஆகியவற்றைக் கூறும் அடிக்குறிப்போடு வந்தது. 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது அக்குறிப்புகளும் பாட்டின் பகுதியாகவே மதிக்கப்பட்டன. அவை இல்லையெனில் புறம் 235 யாருடைய இறப்பைப் பாடியது என்பதை உய்த்துணர வேண்டியிருந்திருக்கும். கானாவின் ஒலிப்பதிவில் பாடியோர் பெயர் உண்டு. பாடப்பட்டோர் பெயர் இல்லை.

திரைக்குச் சென்ற கானா

சென்னைப் பேச்சுமொழி திரையில் நகைச்சுவையின் வழியே நுழைந்தது. 'சபாஷ் மீனா' (1958) படத்தில் சந்திரபாபு ஏற்ற கைரிக்‌ஷாக்காரர் பாத்திரம் அதற்கு நன்கறிந்த சான்று. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவுக்குத் திரையிசையில் நிலையான இடம் தந்தார்; 'காதல் கோட்டை' (1996) படத்தில் அவரே பாடிய 'கவலைப்படாதே சகோதரா' இன்றும் கேட்கப்படுகிறது. ஆயின், வட்டாரக் கானாப் பாடகர் ஒருவரே தம் குரலோடும் உருவோடும் திரையில் தோன்றிப் பெருவெற்றி கண்டது 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் கானா உலகநாதன் பாடிய 'வாள மீனுக்கும்' பாட்டில்தான். மீன்களின் திருமணத்தில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வேலையும் உறவும் பகிர்ந்தளிக்கும் அப்பாட்டைப் பலர் குத்துப்பாட்டாகவே அறிவர். மீன்பெயர்களின் அடுக்கைக் காசிமேட்டில் ஏலம் கேட்டவர் வேறாகக் கேட்பார்.

புளியந்தோப்பைச் சேர்ந்த பாலமுருகன் என்னும் கானா பாலா வழக்கறிஞர். உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டவர். 'பிறகு' (2007) படத்தில் ஸ்ரீகாந்த் தேவா இசையில் பாடியபின் ஐந்தாண்டு அளவில் அவருக்குத் திரையில் பெரிய வாய்ப்பு அமையவில்லை. பா. இரஞ்சித், சந்தோஷ் நாராயணன் ஆகிய இருவருக்கும் முதற்படமான 'அட்டகத்தி' அந்நிலையை மாற்றியது. ஓராண்டுக்குள் அவர் குரல் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

'ஆடி போனா ஆவணி' கபிலன் எழுதியது. 'நடுக்கடலுல கப்பல' கானா பாலாவே எழுதியது. முன்னது மெருகேறியது, பின்னதே எமக்கு உயர்ந்ததாகப் படுகிறது. இயலாத செயல்களை வினாக்களாக அடுக்கிச் செல்வது கானாப் பாடகர் மேடையில் கேட்போரைத் தம்பால் இழுக்கும் பழைய உத்தி. அங்கு ஒவ்வொரு வினாவுக்கும் கூட்டம் குரல்கொடுக்கும். பதிவரங்கில் அக்குரல் இல்லை. எனினும் பாலா அதற்கென இடைவெளி விட்டே பாடுகிறார். கேட்கப்படாத மறுமொழிக்காகக் காத்திருக்கும் அந்த நொடிகளில்தான் பந்தல் நினைவுக்கு வருகிறது.

அந்தோணிதாசனோடு பாடிய 'காசு பணம்' மொழிநோக்கில் சுவையானது. பணத்துக்குரிய தமிழ்ச் சொற்களோடு 'துட்டு', 'மணி' ஆகியனவும் ஒரே மூச்சில் வருகின்றன. 'துட்டு' டச்சு நாணயப் பெயரிலிருந்து வந்தது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை எழுப்பி, பின் நாணயமும் அடித்தனர். 'மணி' ஆங்கிலம். அக்கடற்கரையில் வணிகம் செய்தோரின் வரிசையே அடுக்குமொழியாகிவிட்டது. பாடியவர்கள் இதனை எண்ணியிருக்க வேண்டியதில்லை.

'மெட்ராஸ்' காட்டிய வழி

வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பைக் களமாகக் கொண்ட 'மெட்ராஸ்' (2014) படத்தில், அன்பு என்னும் பாத்திரம் கொல்லப்பட்டபின் கானா பாலா பாடும் 'இறந்திடவா நீ பிறந்தாய்' ஒலிக்கிறது. சிறந்த பதிவுகள் எனப் பட்டியலிடுவோர் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். கொண்டாட்டத்தில் ஒலிக்க ஏலாத பாட்டு என்பது காரணமாகலாம். காதல் தோல்விக்கும் குடிக்கும் உரியதாகத் திரை சுருக்கிய கானாவை இப்பாட்டு அதன் பிறப்பிடமாகிய இழவு வீட்டிற்கே மீட்டுச் சென்றது. கானா பாலாவின் திரைப்பதிவுகளுள் இதுவே முதன்மையானது என்பது எம் துணிபு. இங்கும் ஒரு குறை உண்டு. பாடப்பட்டவன் கற்பனை மாந்தன். ஆகவே அவன் வாழ்வின் சிறு செய்திகள் பாட்டில் இல்லை, பொதுவான இரங்கலே உள்ளது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை இத்தகைய நிலையை வேறு வகையில் எதிர்கொண்டது. தேவாலயத்தில் பாடி வளர்ந்த அரீதா ஃபிராங்க்ளின், 1967இல் 'ரெஸ்பெக்ட்' பாட்டால் உலகப் புகழ் பெற்றார். அவர் 1972 சனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் சபையோர் முன் பாடினார். 'அமேசிங் கிரேஸ்' எனப்படும் அப்பதிவில் சபையோரின் கூவலும் அழுகையும் பாட்டோடு கலந்தே கேட்கின்றன. அவருடைய இசைத்தொகுப்புகளுள் மிகுதியாக விற்றதும் அதுவே. படமாக்கியவர்கள் ஒலியையும் காட்சியையும் பொருத்துவதற்கான அடையாளம் இடத் தவறியதால் அதன் திரைவடிவம் 2018 வரை வெளிவரவில்லை. பாடகர் தம் களத்துக்குத் திரும்பிச் சென்று கேட்போரோடு சேர்த்தே பதிவாவது கலையைக் குறைப்பதன்று என்பதற்கு அத்தொகுப்பு சான்று. மரண கானாவை அதன் களத்திலேயே பதிந்து, பாடகரின் முதன்மைப் படைப்பாக முன்வைத்த இசைத்தொகுப்பு எதுவும் கானா பாலாவின் பெயரில் இவ்வளவு பரவலாக அறியப்படவில்லை.

2018 சனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்னும் கருத்தைப் பெயராக ஏற்றுக் கானாவை ராப், ராக் இசைகளோடு இணைத்து மேடையேற்றியது. இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி அக்குழுவில் பாடிப் புகழ்பெற்று, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஒப்பாரி பெண்ணுக்கு, கானா ஆணுக்கு என்னும் பழைய பகுப்பை அவர் குரல் கலைத்தது. இது பாடியோர் பக்கத்தில் நேர்ந்த பெரிய மாற்றம்.

பாடப்பட்டோர் பக்கத்திலோ மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 'மரண கானா' என்பதையே பெயரடையாகக் கொண்ட விஜி போன்றோரின் பாட்டுகள் யூடியூப்பில் கேட்கப்படுகின்றன. இழவு வீட்டிலேயே கைப்பேசியில் பதிந்து, இறந்தவரின் படத்தையும் பெயரையும் தாங்கி ஏற்றப்படும் காணொளிகளும் உள்ளன. ஒலி தெளிவற்றது, நாய் குரைப்பதும் நாற்காலி இழுபடுவதும் இடையே புகும். சிறந்த பதிவுகள் பற்றிய பேச்சில் இவை இடம்பெறுவதில்லை. ஆனால் அவற்றின் தலைப்பில் யாருக்காக, எந்த ஊரில், எந்த நாளில் பாடப்பட்டது என்னும் செய்தி இருக்கும். நண்பரோ உறவினரோ எழுத்துப்பிழைகளோடு தட்டச்சிட்ட அந்த ஓரிரு வரிகள்தாம் புறநானூற்று அடிக்குறிப்பின் வேலையைச் செய்கின்றன. கானாவைத் தொகுக்க முனையும் ஆய்வாளர் பாட்டைப் பெயர்த்தெழுதும்போது அவ்வரிகளைக் களையாமல், குடும்பத்தாரின் இசைவோடு, முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.