முதல் உலகப் போரில் பிரெஞ்சு ‘நாரைப்’ படைப்பிரிவு: தனிவீரமும் கூட்டமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப் போரில் பிரான்சின் மூன்றாம் வான்படைப் பிரிவு வேவுப் பணியிலிருந்து வான்வேட்டைப் பணிக்கு மாறியது. அதன் வரலாறு பெரும்பாலும் ஜோர்ஜ் கினமேர் என்னும் ஒரே விமானியின் வாழ்க்கையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அவ்வெற்றிகளுக்குப் பின்னிருந்த விமானம், பொறிவினைஞர், படையமைப்பு ஆகியவற்றின் பங்கினை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வான்போர், நாரைச் சின்னம், கினமேர், நியூபோர், ஸ்பாட், வெர்தன்.

முன்னுரை

1914-இல் போர் தொடங்கியபோது விமானம் ஒரு கண்ணாகவே கருதப்பட்டது. பகைவரின் நடமாட்டத்தைக் கண்டறிவதும் பீரங்கிகளுக்கு இலக்குக் காட்டுவதும் அதன் பணிகளாயின. பகைவரின் அக்கண்ணைப் பறிக்கும் தேவையிலிருந்தே போர்விமானம் தோன்றியது. 1912-இல் பிளேரியோ விமானங்களுடன் அமைந்த மூன்றாம் பிரிவு, 1915-இல் மொரான்-சோல்னியே விமானங்களைப் பெற்று ‘எம்.எஸ்.3’ ஆனது, அவ்வாண்டின் பிற்பகுதியில் நியூபோர் விமானங்களைப் பெற்று ‘என்.3’ ஆனது, பின்னர் ஸ்பாட் விமானங்களால் ‘ஸ்பா 3’ எனப்பட்டது. பிரெஞ்சு வழக்கில் விமானத்தின் பெயரே பிரிவின் பெயருக்கு முன்னொட்டாக நின்றமையால், இப்பெயர் மாற்றங்களே அதன் தொழில்நுட்ப வரலாற்றையும் காட்டிவிடுகின்றன.

இருவர் பெற்ற முதல் வெற்றி

1915 சூன் மாதம் அந்தோனின் ப்ரோகாரின் தலைமையிலிருந்த இப்பிரிவில் கினமேர் சேர்ந்தார். உடல் நலிவு காரணமாகப் படையில் சேர்க்க மறுக்கப்பட்டு, முதலில் விமானப் பொறிவினைஞர் பயிற்சியாளராகவே உள்ளே நுழைந்தவர் அவர். 1915 சூலை 19 அன்று கிடைத்த அவருடைய முதல் வெற்றி தனி ஒருவருடையதன்று. இருவர் அமரும் மொரான் விமானத்தில் அவர் விமானத்தைச் செலுத்த, பின்னிருக்கையிலிருந்து இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர் பொறிவினைஞர் கெர்தேர். படைப்பதக்கம் இருவருக்கும் வழங்கப்பட்டது. எனினும் பிற்கால நினைவில் கெர்தேரின் பெயர் மங்கிப்போயிற்று.

வெர்தன் கற்பித்த பாடம்

1916 பிப்ரவரி 21 அன்று வெர்தனில் செருமானியத் தாக்குதல் தொடங்கியது. பிரெஞ்சு வேவு விமானங்கள் வானில் பறக்க இயலாமற்போகவே, பீரங்கிப் படை பார்வையிழந்தது. இந்நிலையில் போர்விமானங்களை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவரும் பொறுப்பு திரிகோர்னோ த ரோஸ் என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. படைப்பிரிவுகளுக்குச் சிதறலாகப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்த விமானங்கள் ஒன்றுதிரட்டப்பட்டுக் குழுவாக ரோந்து சென்றன. மார்ச் 13 அன்று வெர்தன் வானில் கினமேர் காயமுற்றார். மே மாதம் த ரோஸ் விபத்தொன்றில் இறந்தார்; அவர் வகுத்த முறை நிலைத்தது.

அன்றைய கருவியின் குறையும் கருதத்தக்கது. நியூபோர் 11 விமானத்தில், சுழலும் விசிறியினூடே சுடும் ஒத்திசைவுக் கருவி இல்லை. ஆகவே லூயிஸ் துப்பாக்கி மேலிறக்கையின் மீது பொருத்தப்பட்டது. தோட்டா வட்டு தீர்ந்தவுடன் விமானி விமானத்தையும் செலுத்திக்கொண்டு, உறைபனிக் காற்றில் கையை உயர்த்தி வட்டினை மாற்றவேண்டியிருந்தது.

சின்னமும் புதிய விமானமும்

சொம் போரின்போது அமியேன் நகருக்கருகில் உள்ள கஷீ தளத்தில் பல பிரிவுகள் ப்ரோகாரின் தலைமையில் ஒன்றிணைந்தன. அவ்வாண்டில் என்.3 பிரிவு செங்கால் நாரையைத் தன் சின்னமாகக் கொண்டது. 1871-இல் பிரான்சு இழந்த அல்சாசு நிலத்தின் அடையாளப் பறவை அது. மீட்பின் வேட்கை அதில் பொதிந்திருந்தது. 1916 நவம்பரில் 3, 26, 73, 103 ஆகிய பிரிவுகள் பன்னிரண்டாம் போர்க் குழுவாக அமைந்தபோது, ஒவ்வொன்றும் வேறுவேறு தோற்றத்தில் நாரையை வரைந்துகொண்டது.

அக்காலத்திலேயே ஸ்பாட் 7 வந்தது. லூயி பெஷெரோ வடிவமைத்த இவ்விமானம், 150 குதிரைத்திறன் கொண்ட இசுபானோ-சுயிசா பொறியையும் ஒத்திசைந்த விக்கர்ஸ் துப்பாக்கியையும் பெற்றிருந்தது. வளைந்து திரும்புவதில் நியூபோருக்குப் பிற்பட்டதாயினும், வேகத்திலும் செங்குத்தாகப் பாயும் உறுதியிலும் முற்பட்டது. உயரத்திலிருந்து பாய்ந்து தாக்கி விலகும் போர்முறைக்கு அது வழிவகுத்தது.

1917: வெற்றியும் இழப்பும்

1917 மே 5 அன்று பிரிவின் தலைவர் ஆல்ஃப்ரெத் எர்தோ கடுங்காயமுற்றார். மே 25 அன்று கினமேர் ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். அதே நாளில், 23 வெற்றிகள் பெற்ற ரெனே தோர்ம் களத்திலிருந்து திரும்பவில்லை. வெற்றிக் கணக்கை மட்டும் நோக்குவோர்க்கு அது பெருநாள். தளத்தில் காத்திருந்தோர்க்கோ அது துயர நாள். பகைவர் எல்லைக்குள் வெகுதொலைவு சென்று போரிடுவது தோர்மின் வழக்கம். சாட்சியம் இன்றி வெற்றியை ஏற்காத பிரெஞ்சு விதியினால், அவர் வீழ்த்தியவற்றுள் பல கணக்கில் சேரவில்லை என்பது உடனிருந்தோர் கருத்து. எனவே வெற்றி எண்ணிக்கையை மட்டும் திறனின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

1917 செப்டம்பர் 11 அன்று பெல்சியத்தின் போல்கபெல்லே அருகே 53 வெற்றிகளுடன் கினமேர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 22. உடல் மீட்கப்படவில்லை. பாந்தியோனில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. எனினும் பிரிவு கலையவில்லை. 1918 நவம்பரில் போர் நிறுத்தம் வரையிலும் அது களத்தில் நின்றது.

முடிவுரை

நாரைப் பிரிவின் வெற்றிகள் தனிவீரத்தால் மட்டும் விளைந்தவை அல்ல. விமானத்தின் மேம்பாடு, பொறிவினைஞர் உழைப்பு, வெர்தனில் உருவான குழு ரோந்து முறை ஆகியவை அவற்றின் அடித்தளங்களாகும். பெருந்துயரில் இருந்த ஒரு நாட்டிற்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கினமேர் அம்முகமானார். அம்முகத்தின் ஒளியில் மறைந்துபோன கெர்தேர் போன்றோரையும் கணக்கில் கொள்ளும்போதே இப்பிரிவின் வரலாறு முழுமை பெறும்.