சைக்ளாப்ஸும் நரம்புச் சிலந்தியும்

திருமழிசைக் கோயில் குளத்திலோ, அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலோ பெரியவர் துணையுடன் ஒரு கண்ணாடிக் குவளை நீர் மொண்டு, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் சில வெட்டி வெட்டித் துள்ளலாம். கைலென்சு கொண்டு நோக்கினால் பேரிக்காய் வடிவ உடலும் ஒற்றைக் கண்ணும் தெரியும். இதுவே சைக்ளாப்ஸ். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இறாலுக்கும் நண்டுக்கும் உறவு.

இத்தனை சிறிய உடலுக்குள்ளும் வேறோர் உயிர் குடியிருக்க முடியுமா? முடியும். தென்துருவக் கடலில் வாழும் கிரில் என்னும் கூனி போன்ற உயிரியின் குடலிலும் ஒட்டுண்ணிகள் உண்டு. நம் நாட்டுச் சைக்ளாப்ஸுக்குள் முன்பு குடியிருந்ததோ நரம்புச் சிலந்திப் புழுவின் இளவுயிரி. கினிப்புழு என்பதும் இதன் பெயரே.

இளவுயிரியைச் சைக்ளாப்ஸ் விழுங்கும். அதனுள்ளே சுமார் இரண்டு வாரம் அது வளரும். அந்நீரை மனிதன் குடித்தால், இரைப்பை அமிலத்தில் சைக்ளாப்ஸ் மடியும்; இளவுயிரியோ தப்பிக் குடற்சுவரைத் துளைத்து வெளியேறும். ஏறக்குறைய ஓராண்டில் பெண்புழு ஒரு மீட்டர் நீளம்கூட வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாய்த் தலைகாட்டும். நெருப்பாய் எரியும் காலை நோயாளி நீரில் வைப்பான். உடனே புழு இலட்சக்கணக்கான இளவுயிரிகளை அந்நீரில் கொட்டும். வட்டம் முழுமையாயிற்று!

புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, வாரக்கணக்கில் இழுத்தெடுப்பார்கள். வேறு மருந்தோ தடுப்பூசியோ இன்றுமில்லை. பின் எவ்வாறு வென்றோம்?

சைக்ளாப்ஸின் பங்கை ரஷ்ய அறிஞர் பெத்சென்கோ 1870-ஐ ஒட்டிக் கண்டறிந்தார். விடை அதிலேயே இருந்தது. சைக்ளாப்ஸுக்குள் நுழையாத இளவுயிரி சில நாட்களில் மடியும், மனிதனைத் தொற்றாது. ஆகவே சைக்ளாப்ஸைத் தடுத்தால் போதும். அதற்கு நெருக்கமாக நெய்த துணியே வடிகட்டி! கால் நனைத்து நீரெடுக்கும் படிக்கிணறுகள் இறைகிணறுகளாக மாற்றப்பட்டன, அடிகுழாய்கள் வந்தன, நீரில் டெமிபாஸ் மருந்திட்டுச் சைக்ளாப்ஸ்களைக் கொன்றனர்.

1983-84-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நோயிருந்த ஏழு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. முதலில் விடுபட்டதும் அதுவே. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. 1986-இல் உலகில் சுமார் 35 இலட்சம் பேரை வாட்டிய நோய், 2023-இல் 14 பேரிடமே காணப்பட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் நாய்களிடமும் இப்புழு இருப்பதால் போர் இன்னும் முடியவில்லை.

உங்கள் குவளையிலுள்ள சைக்ளாப்ஸ் இன்று வெறும் சைக்ளாப்ஸே. பார்த்து முடித்ததும் குளத்திலேயே விட்டுவிடுங்கள். அதை உண்ண மீன் குஞ்சுகள் காத்திருக்கும்.