ஓய்வு பெற்ற முதல் வருஷம்: வரிக் கணக்கில் வயலும் வரும்

"விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே, அப்புறம் எதுக்கு சார் கணக்கு?" ஓய்வு பெற்று மண்ணுக்கு வரும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது இது. வரி கிடையாது, சரிதான். ஆனால் ஓய்வு பெறும் அந்த வருஷத்தில் சில மாதச் சம்பளம், மீதி மாதங்களுக்குப் பென்ஷன், டெபாசிட் வட்டி, முதல் அறுவடைப் பணம் எல்லாம் ஒரே நிதியாண்டில் வந்து விழும். அங்கேதான் சிக்கல்.

மொத்தமாக வரும் பணத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு தேவையில்லை. அரசு ஊழியருக்குப் பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் முழு விலக்கு. மற்றவர்களுக்குப் பணிக்கொடையில் 20 லட்சம், விடுப்புச் சம்பளத்தில் 25 லட்சம் உச்சவரம்பு.

கவனிக்க வேண்டியது வேறு. வேலை பார்த்த அலுவலகம் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு வரி பிடிக்கும். பென்ஷன் கொடுப்பவர் பென்ஷனுக்கு மட்டும் பார்ப்பார். இரண்டு பேருமே 75,000 ரூபாய் நிலைக்கழிவைக் கழிப்பார்கள், இரண்டு பேருமே அடிப்படை விலக்கைக் கொடுப்பார்கள். சட்டப்படி இரண்டும் ஒரு தடவைதான். கூட்டிப் பார்த்தால் ஜூலையில் பெரிய தொகை பாக்கி நிற்கும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் சொட்டுநீருக்கும் வேலிக்கும் போட்டுவிட்டால் திண்டாட்டம்தான். பென்ஷன் கொடுப்பவரிடம் சம்பள விவரத்தை எழுத்தில் கொடுத்துவிடலாம்.

இப்போது வயல். நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட இரண்டையும் சேர்ப்பார்கள். 2025-26 புதிய வரி முறையில் பார்ப்போம். கழிவு போக மற்ற வருமானம் 15 லட்சம், விவசாயம் 2 லட்சம் என்றால், 17 லட்சத்துக்கு வரி 1,40,000. அதிலிருந்து 6 லட்சத்துக்கான (விலக்கு வரம்பு 4, விவசாயம் 2) 10,000 போனால் 1,30,000. விவசாயம் இல்லையென்றால் 1,05,000தான். ஆக 25,000 கூடுகிறது, செஸ் தனி. படிவமும் மாறும். எளிதான ஒன்றாம் படிவம் ஆகாது, இரண்டாம் படிவம்தான்.

இங்கே சேர்வது நிகர வருமானம், அதாவது செலவு போக மிச்சம். உழவுக்கூலி, விதை, நடவு, களையெடுப்பு எல்லாம் கழியும். நம்ம ஆட்கள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. போர் போட்டது, வேலி போட்டது மூலதனச் செலவு, அந்த வருஷத்திலேயே முழுசாகக் கழிக்க முடியாது. விவசாயத்தில் நஷ்டம் வந்தாலும் பென்ஷனில் கழிக்க முடியாது.

இயற்கை விவசாயிகளுக்கு இன்னொன்று. நிலக்கடலையாக விற்றால் முழுக்க விவசாய வருமானம். அதையே செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால், கடலையின் சந்தை விலை வரைதான் விவசாயம். ஆட்டுக்கூலி, பாட்டில் செலவு போக மேலே நிற்பது தொழில் வருமானம். நாட்டு மாட்டுப் பாலும் முட்டையும் விவசாய வருமானத்தில் சேராது. நாற்றங்கால் கன்றுகள் சேரும். 60 வயதானவருக்கு முன்கூட்டிய வரி கட்டுவதிலிருந்து சலுகை உண்டு, ஆனால் தொழில் வருமானம் வந்தால் அது போய்விடும். மதிப்புக்கூட்டலைக் கைவிடச் சொல்லவில்லை. எண்ணெய்க்குத் தனி நோட்டுப் போடுங்க, அவ்வளவுதான்.

15எச் படிவம், வருஷ வரி பூஜ்யமாக இருப்பவர்களுக்கு மட்டும். வங்கி கவுண்ட்டரில் நீட்டினார்கள் என்று கையெழுத்துப் போடாதீங்க. முதல் வருஷத்தில் பலருக்கு வரி இருக்கும்.

வேறு பணத்தை விவசாயமாகக் காட்டச் சொல்லி யோசனை தருகிறவர்களும் உண்டு. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, நிலத்தின் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவத்திலேயே கேட்பார்கள். இரண்டு ஏக்கர் மானாவாரியில் எட்டு லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால், யோசனை சொன்னவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.