காரத்தின் ஆபத்தும் உணரப்பட வேண்டும்

அமிலம் என்றதும் அச்சம் கொள்ளும் எம்மில் பலர் காரத்தைப் பொருட்படுத்துவதில்லை. வெற்றிலைத் தட்டிலுள்ள சுண்ணாம்பு, அடைபட்ட குழாயைத் திறக்கப் பயன்படும் கோஸ்டிக் சோடா, நீருடன் குழைத்த சீமெந்து ஆகிய யாவும் காரத்தன்மை கொண்டவையே. இவற்றால் விளையும் தீங்கு அமிலத்தால் விளைவதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

நீரில் ஐதரசன் அயன்களை வெளிவிடுபவை அமிலங்கள். ஐதரொட்சைட்டு அயன்களை வெளிவிடுபவை காரங்கள். அமிலம் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாகவும், காரம் சிவப்புத்தாளை நீலமாகவும் மாற்றும். இவற்றின் தன்மையை அளவிடும் பீ.எச். முறையை டென்மார்க் இரசாயனவியலாளர் சோரன்சன் 1909ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினார். இதில் தூய நீரின் பெறுமானம் 7 ஆகும். அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் அலகு வேறுபாடு பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். தேசிக்காய்ச் சாறு 2 அளவிலும், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12க்கு மேலும் இருக்கும்.

அமிலம் பட்டால் உடனே எரிவு உண்டாகும். அது தோலின் புரதத்தை உறையச் செய்வதால், அந்தப் படையே அமிலம் மேலும் உட்செல்வதை ஓரளவு தடுக்கின்றது. காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, இழையங்களைக் கரைத்துக்கொண்டே ஆழச் செல்லும். தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதால் பாதிக்கப்பட்டவரும் அலட்சியமாக இருந்து விடுகின்றார். குழந்தையின் கண்ணில் தெறிக்கும் சிறிதளவு சுண்ணாம்பும் பார்வையைப் பறிக்கக் கூடியது.

வீட்டிலேயே வேறோர் ஆபத்தும் உண்டு. மலசலகூடத்தைக் கழுவும் அமிலத் திரவத்துடன், கிணற்றுக்கு இடும் குளோரின் தூளையோ வெளிற்றும் திரவத்தையோ கலந்தால் நச்சுத்தன்மையான குளோரின் வாயு வெளிவரும். இறப்பர்ப் பாலை உறையச் செய்யும் போமிக் அமிலத்தைக் குளிர்பானப் போத்தல்களில் ஊற்றி வைப்பதும் உயிராபத்தை வலிந்து அழைப்பதாகும். அமிலத்தை ஐதாக்கும்போது நீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, அமிலத்துக்குள் நீரை ஊற்றலாகாது.

அமிலப் புண்ணுக்குச் சுண்ணாம்பும், காரப் புண்ணுக்குத் தேசிக்காய்ப் புளியும் இட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறானது. இரண்டும் தாக்கமுறும்போது பிறக்கும் வெப்பம் காயத்தை மேலும் மோசமாக்கும். ஓடும் தூய நீரால் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுவதே உரிய முதலுதவி. கண்ணாயின் இமைகளை விரித்துக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது; வெளிவரும் திரவம் உணவுக்குழாயை மீண்டும் எரித்துவிடும். அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

எமது மாணவர்கள் பாசிச்சாயத்தாளின் நிறமாற்றத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். அதே பாடம் வீட்டின் சமையலறைக்கும் குளியலறைக்கும் உரியது என்பதை ஆசிரியர்கள் உணர்த்த வேண்டும். சில்லறையாக விற்கும் வர்த்தகர்கள், தமிழில் தெளிவான எச்சரிக்கை இல்லாத போத்தல்களில் இவற்றை விற்பதைத் தவிர்க்க வேண்டும். பெற்றோர் இவற்றைச் சிறுவரின் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க இவ்வளவு கவனம்கூட எம்மிடம் இல்லையெனில், கற்ற கல்வியால் பயன் என்ன என்று நாமே எம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.