கணினியில் ஒரு டக்கோட்டா

எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆந் திகதி தன் முதற் சேவையைத் தொடங்கியது டக்கோட்டா விமானங்கொண்டே. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பறப்புப் பாவனை நிரலில் 2022இல் சேர்ந்த அவ்விமானத்தை, விடத்தல்தீவில் என் மருமகன் செலுத்திக் காட்டினான்.

"வாற்சில்லு விமானம்; உள்ளே ஏறியபின்னும் மேடேறித்தான் ஆசனத்துக்குப் போகவேண்டும்" என்பார், அதிற் பலாலி சென்ற என் தந்தையார். மேடு இருந்தது. ஓட்டமோ கோடு கீறினாற்போல நேராயிருந்தது. ஐயுற்றேன். பாரமையம் முன்னிரு சில்லுகளுக்குப் பின்னே கிடத்தலின், சிறு திருப்பமும் பெருகவேண்டுமே!

"சுக்கானைக் கணினியே திருத்துது, மாமா."

உரையை மூடிவைத்து மூலத்தைப் படியுங்கள் என்று மாணவர்க்குச் சொல்பவன் நான். அவ்வுதவியை நிறுத்தச் சொன்னேன். இரத்மலானையில் மும்முறை புல்லில் இறங்கினான். நான்காம் முறை எழுந்தது. விமானம் மெய்யானதே; குறை எங்கள் விசைப்பலகையினது. அரையழுத்தம் அதற்குத் தெரியாது.