தடுப்பூசியும் கண் அழற்சியும்

தடுப்பூசியால் கண் கெடுமோ என்று சங்க உறுப்பினர் சிலர் நம்மை வினவினர். பாவில் அறுந்த இழையைக் கண்டு பிணைப்பவருக்குக் கண்ணே முதலாகும். ஆதலின் இவ்வையம் நியாயமானதே.

முற்காலத்தில் பெரியம்மையைத் தடுக்கக் குத்திய அம்மைப்பாலில் உயிருள்ள கிருமி இருந்தது. குத்திய இடத்தில் எழுந்த கொப்புளத்தைச் சொறிந்த விரலால் கண்ணைத் தேய்த்தோருக்கு, அரிதாக, இமையும் விழியும் புண்பட்டதுண்டு. பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. பொதுமக்களுக்கு அம்மை குத்தும் வழக்கமும் நின்றது.

இக்காலத் தடுப்பூசிகளுக்குப் பின்னரும் சிலருக்கு விழியின் நடுப்படலம் அழன்றதாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். கிருமியை எதிர்க்கக் கிளர்ந்தெழும் உடலின் காப்புச் சக்தி, சிற்சில வேளை கண்ணையும் தாக்கக்கூடும் என்பர். ஆயினும் இது மிக அரிது; உரிய காலத்தில் மருத்துவம் செய்தால் பெரும்பாலும் குணமாகும்.

ஊசி போட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கண்டு கூசினால், பார்வை மங்கினால், அன்றே கண் மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஊசி போட்ட நாளையும் அவரிடம் கூறுதல் நன்று. தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவதும், பிறர் வாங்கிவைத்த சொட்டு மருந்தை ஊற்றுவதும் தீங்கு பயக்கும்.

தட்டம்மையோ, வைட்டமின் ஏ சத்துக் குறைந்த குழந்தைகளின் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்க வல்லது. அந்நோயைத் தடுப்பது ஊசியே. சிறு நட்டத்திற்கு அஞ்சி முதலையே இழப்பது கணக்கறிந்தோர் செயலன்று.