கவனச்சிதறலுக்குப் பின்னால் இருப்பதையும் பார்ப்போம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் மாணவர் பலரின் பெற்றோர் மக்காச்சோளக் காட்டுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் லாரி ஓட்டவும் போகிறவர்கள். விழித்திருக்கும் பிள்ளையை அவர்களைவிட அதிக நேரம் பார்ப்பவர்கள் நாம்தான். ஆகவே மாற்றம் முதலில் நம் கண்ணில்தான் படும்.

போதை என்றதும் கஞ்சாதான் நினைவுக்கு வரும். பலருக்கு அது ஹான்ஸ், கூல் லிப், பீர் என்றே தொடங்குகிறது. திட்டமிடவும் அவசர முடிவைத் தடுக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பகுதியைத்தான் போதை தாக்குகிறது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. பதின்பருவத்தில் கஞ்சாவைத் தொடங்கி நெடுங்காலம் விடாதவர்களின் நுண்ணறிவு ஈவு, 38 வயதில் சுமார் 8 புள்ளிகள் குறைந்திருந்தது. குடும்பச் சூழலுக்கும் இதில் பங்குண்டு எனப் பின்வந்த இரட்டையர் ஆய்வுகள் கூறின. 11 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு அறிக்கை, பதின்பருவத்தில் கஞ்சா பயன்படுத்தியோரிடம் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் எனக் கண்டது. போதை மட்டுமே காரணம் என்று இதற்குப் பொருளில்லை. மனச்சோர்வு போதைக்கு இழுக்கிறது. போதை மனச்சோர்வைக் கூட்டுகிறது.

வகுப்பறையில் இது சங்கிலியாக நடக்கிறது. நினைவாற்றல் குறைகிறது, மதிப்பெண் சரிகிறது, வீட்டில் அடி விழுகிறது, மாணவன் தனிமையாகிறான். என் வகுப்பில் நன்றாகப் படித்த ஒருவன் வாய்ப்பாட்டில் தடுமாறத் தொடங்கினான். தனியே அழைத்து, "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் தொடங்கினேன். மூன்றாம் நாள், "இருந்து என்ன சார் பண்ணப் போறேன்?" என்றான். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பேச வழி திறக்கும். அன்று அவனைத் தனியே விடாமல், பெற்றோரை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். இப்போது சிகிச்சையோடு பள்ளிக்கு வருகிறான்.

பை சோதனையில் பொட்டலம் கிடைத்தால் மாற்றுச் சான்றிதழ் தருவது தீர்வாகாது. அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களையும் அது பறித்துவிடும். மனநல உதவிக்கு 14416, 104. குழந்தைகள் உதவிக்கு 1098. போதை மீட்புக்கு 14446. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பது குற்றம். குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77இன்படி 7 ஆண்டு வரை சிறை. தண்டனை விற்பவருக்கு, மாணவனுக்குத் தேவை சிகிச்சை.